தம்பியின் மஞ்சப்பை: அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு எங்கே போய், எதைக் கேட்பது

எங்கள் வீட்டு பீரோவில், நகை இருக்க வேண்டிய தட்டில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. யார் கல்யாணத்திலோ தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த பை. அதற்குள் என் தம்பியின் 29 வருஷம் இருக்கிறது. பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் தொடங்கி, போன மாதம் எடுத்த ஜெராக்ஸ் வரைக்கும்.

தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. பேசுவான், பாட்டுக் கேட்பான், ஒரு தடவை பார்த்த முகத்தைப் பத்து வருஷம் கழித்தும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது. தனியாக ரோட்டைத் தாண்ட மாட்டான். அவனுக்காக அலைந்ததெல்லாம் அம்மாதான். அப்பா போன பிறகு பை என் கைக்கு வந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைக் கொட்டித் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கிடைத்திருக்க வேண்டியதில் பாதியை நாங்கள் வாங்கவே இல்லை. யாரும் மறுக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சுற்றுப்பட்டு ஊர்களில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டார் என்னைத் தேடி வருகிறார்கள். வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மத்திய அரசுத் திட்டங்கள் மட்டும் பொருந்தும்.

ஒரே ஒரு கேள்வி

தம்பிக்குப் பதினோரு வயது இருக்கும்போது, பேச்சுப் பயிற்சிக்காக வாரத்தில் இரண்டு நாள் மாவட்டத் தலைநகருக்கு அம்மா கூட்டிப்போவார். ஒன்றரை மணி நேரப் பயணம். ஒருநாள் வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மா, "பஸ் பாஸ் வாங்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். சான்றிதழ் கொடுத்த இடத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சான்றிதழ் கொடுப்பது மருத்துவத் துறை. பாஸும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. பள்ளியில் கிடைப்பது கல்வித் துறை. அப்பாவின் பென்ஷன் கருவூலம். ஒரு மேஜையில் இருப்பவருக்கு அடுத்த மேஜையில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. அதனால் எந்த ஆபீஸிலிருந்து எழுந்திருக்கும்போதும் நான் ஒன்று கேட்பேன்: "இது இருந்தா வேற என்ன கிடைக்கும் சார்? அதுக்கு எங்க போகணும்?" பதில் தெரியாவிட்டால் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டுச் சொல்வார்கள். அதுவும் இல்லையென்றால் பெஞ்சில் காத்திருக்கிற அம்மாக்களிடம் கேளுங்கள். என் அனுபவத்தில் அரசாணையைவிட அந்த பெஞ்சுக்கு அதிகம் தெரியும்.

இன்னொன்று, பெயர். சட்டத்தில் இப்போது "அறிவுசார் குறைபாடு". பல படிவங்களிலும் பல ஊழியர்கள் வாயிலும் இன்னும் "மனவளர்ச்சி குன்றியோர்"தான். கேட்கும்போது இரண்டையும் சொல்லுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நீங்கள் எந்த வகை என்பதைப் பொறுத்து திட்டமும் மாறும்.

குழந்தை சின்னது என்றால்

"அவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்று எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள். குழந்தையின் பேச்சிலோ நடையிலோ பார்வையிலோ சந்தேகம் வந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தைகள் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காக அமைத்தது அது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். பயிற்சி தொடங்கச் சான்றிதழ் வேண்டியதில்லை. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வருகிற மருத்துவக் குழுவும் அங்கேதான் அனுப்பும். அவர்கள் வருகிற நாள் தெரிந்தால் அன்றைக்குக் குழந்தையை லீவு போட விடாதீர்கள்.

ஆறு வயதுக்குள் இருக்கிற குழந்தைகளுக்கு, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்துகிற ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் உண்டு. எங்கே இருக்கின்றன என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-இல் தொடங்கியது. மதிப்பீடு, பயிற்சி, உபகரணம் எல்லாம் ஒரே வளாகத்தில். தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் சின்னக் குழந்தைகளுக்கும் அம்மாக்களுக்கும் சேர்த்தே பயிற்சி தருவதில் பெயர் பெற்றது. தெற்கே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இருக்கிறது. கிராமத்து வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பயிற்சி கொடுக்கும் பழக்கம் அவர்களுடையது. இவையெல்லாம் பெரிய பெயர்கள். உங்களுக்கு வாராவாரம் போகக்கூடிய தூரத்தில் இருக்கிற சின்ன மையம்தான் முக்கியம். பெரிய இடத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை போய், என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து அதைப் பக்கத்து மையத்தில் செய்ய வைப்பது நல்ல வழி. நாங்கள் அதைத் தாமதமாகக் கற்றோம்.

உலக வங்கிக் கடனுதவியில் தமிழ்நாடு அரசு நடத்தும் "உரிமைகள்" திட்டத்தில் "விழுதுகள்" என்று ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்து வருகிறார்கள். நான் மேலே புலம்பிய பல மேஜைத் தொல்லையை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவரத்தான் அது. உங்கள் பகுதியில் வந்துவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள். வந்திருந்தால் உங்களுக்கு என்னைவிட யோகம்.

சான்றிதழ் வாங்கும் நாள்

குறைபாட்டுச் சான்றிதழும், யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இல்லாமல் உதவித்தொகை, பாஸ், காப்பீடு எதுவும் நகராது. இரண்டுக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கை வராதவர்கள் இ-சேவை மையத்தில் கொடுத்துச் செய்யலாம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். அப்புறம் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்க்கும். அறிவுசார் குறைபாட்டுக்கு மனநல மருத்துவர் அல்லது குழந்தைகள் மருத்துவரோடு உளவியலாளரும் மதிப்பிட வேண்டும். உளவியலாளர் எல்லா நாளும் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. எந்தக் கிழமை வருவார் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இதைக் கேட்காமல் நாங்கள் மூன்று தடவை சும்மா திரும்பி வந்திருக்கிறோம்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உளவியலாளர் பிள்ளையிடம் படம் காட்டி, கட்டை அடுக்கச் சொல்லிப் பார்ப்பார். அதோடு முடியாது. உங்களிடமும் கேள்வி கேட்பார். தானே சாப்பிடுவானா, பட்டன் போடுவானா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவானா, ஆபத்து தெரியுமா? அன்றாடத்தில் எவ்வளவு தனித்து இயங்குகிறார் என்று அளக்கிற அளவுகோல் அது. சான்றிதழில் எழுதுகிற குறைபாட்டுச் சதவீதம் அதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் அம்மா அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு, தம்பிக்குத் தலை வாரிப் பவுடர் போட்டுக் கூட்டிப்போனார். "சட்டை போடுவானா?" "போடுவான் சார்." கைகளை நுழைப்பான், பட்டனெல்லாம் அம்மாதான் போடுவார். "கடைக்குப் போவானா?" "போவான்." எதிர்க் கடைக்குப் போவான். அம்மா வாசலில் நின்று, கடைக்காரருக்குக் குரல் கொடுத்தால். மகனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை அம்மாவுக்கு. 50 சதவீதம் என்று எழுதினார்கள். 18 வயதில் மறுமதிப்பீட்டுக்கு நான் கூடப்போனேன். முதல் நாள் இரவே உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அவன் எதைத் தானே செய்கிறான், எதற்கு நாங்கள் கை கொடுக்கிறோம் என்று நோட்டில் எழுதினோம். எழுதி முடித்ததும் அம்மா அழுதார். அன்றாடம் எவ்வளவு செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த நோட்டைப் பார்த்து அப்படியே பதில் சொன்னேன். 75 சதவீதம் வந்தது.

கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. பெருமைக்காகக் குறைத்துச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். "நான் பக்கத்தில் இல்லாவிட்டால் இதைச் செய்வானா?" என்று மனதுக்குள் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படிச் சொல்லப்போய் 40-க்குக் கீழே வந்துவிட்டது. 40-க்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை. கையில் அட்டை இருக்கும், பெரும்பாலான உதவி இருக்காது. 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-க்கு மேல் நீலம். சதவீதம் தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம், சட்டத்தின் 59-ஆவது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. ஆட்டிசத்துக்கு வேறு அளவுகோல், 40 கேள்விகள். அங்கேயும் இதே கதைதான். வீட்டில் கத்துவதையும் கடித்துக்கொள்வதையும் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்குப் பார்த்து நம் பிள்ளைகள் தங்கக்கம்பியாக உட்கார்ந்திருக்கும்.

பள்ளிக்கூடம்

40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். "இங்கே சேர்க்க முடியாது, சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிப்போங்க" என்று தலைமையாசிரியர் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்துக்குப் போய், உள்ளடக்கிய கல்விக்கான சிறப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். அவர் வந்து பேசுவார். இயன்முறை மருத்துவர் அங்கே வரும் நாள், மருத்துவ முகாம் நடக்கும் நாள் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நடக்கவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுக்கும் ஏற்பாடும் அவர்கள் வழியாகத்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. ஆனால் பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் மாதத்தில் நினைவு வந்து ஓடினால் தாமதம்.

பணமும் பஸ்ஸும்

உதவித்தொகையைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 40 சதவீதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரியில் 1,500-லிருந்து மாதம் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். வருவாய்த் துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஏற்கெனவே ஒன்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மோட்டார் வைத்த தையல் இயந்திரம் கொடுக்கிறார்கள். வீட்டை விட்டுப் போக முடியாத அம்மாவுக்கு அது பெரிய உதவி.

நகரப் பேருந்துகளில், சாதாரணக் கட்டண வண்டியில், மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. பயிற்சி மையத்துக்கும் மருத்துவமனைக்கும் வெளியூர் வண்டியில் போய்வர நல அலுவலகத்தில் தனி பாஸ் வாங்க வேண்டும். ரயிலில் துணையில்லாமல் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் துணைக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசி போன்றவற்றில் 75 சதவீதம் தள்ளுபடி. துணைக்கும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சம்பளக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வரி முறையில் இருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய் வருமானத்தில் கழிவு உண்டு. 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 1,25,000.

நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது, நாங்கள் நேஷனல் டிரஸ்ட் என்போம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மட்டும். வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மற்றக் காப்பீடு மாதிரி முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, தெரபிச் செலவுக்கும் கோரலாம். அறக்கட்டளையில் பதிவு செய்த தொண்டு நிறுவனம் வழியாகச் சேர வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நாங்கள் ஒரு வருஷம் புதுப்பிக்க மறந்தோம். அந்த வருஷம் பார்த்துத்தான் தம்பிக்கு வலிப்பு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரி.

பதினெட்டு முடிந்ததும்

இதைப் பற்றி யாரும் முன்னாடியே சொல்வதில்லை. பதினெட்டு வயது வரை அம்மா அப்பா இயல்பாகவே பாதுகாவலர். பதினெட்டு முடிந்த மறுநாள் சட்டத்தின் கண்ணில் உங்கள் பிள்ளை மேஜர். அவனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை இல்லை. தம்பிக்கு உதவித்தொகை போடும் கணக்கை மாற்றப் போனபோது ஒரு வங்கியில், "இவரே கையெழுத்துப் போடணும், இல்லன்னா கோர்ட் ஆர்டர் கொண்டுவாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஒரு வாரம் வக்கீல் ஆபீஸைத் தேடினார்.

கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மேலே சொன்ன நான்கு குறைபாட்டுக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது. அதில் ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் உண்டு. அந்தக் குழுதான் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று கொடுக்கும். அம்மா அப்பா, கூடப்பிறந்தவர், உறவினர் யாரும் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. நான் அந்தச் சுற்றறிக்கையை ஒரு பிரதி எடுத்துச் சான்றோடு பின் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

பதினேழரை வயதிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். குழு கூடும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டிவரும். அம்மா பெயரில் மட்டும் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அம்மாவுக்கும் வயது ஏறுகிறது. எங்கள் வீட்டில் இப்போது நான்தான் பாதுகாவலர். கல்யாணத்துக்கு முன்னாடியே இதைச் சொல்லித்தான் என் வீட்டுக்காரரைக் கட்டினேன் என்பது வேறு கதை.

பென்ஷனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளர், 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர்கள் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு வரும். மனைவிக்குப் பிறகு சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க வரும். அதற்கு அந்தப் பிள்ளையின் பெயரும் குறைபாடும் ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும். அப்பா இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்தால் ஒரு மனு. இறந்த பிறகு என்றால் ஒரு வருஷ அலைச்சல். எங்களுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது.

மையத்தையும் இல்லத்தையும் எப்படிப் பார்ப்பது

சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். பயிற்சி நடக்கும்போது அம்மாவை உள்ளே உட்கார விடுவார்களா, வீட்டில் செய்யச் சொல்லிக்கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற தெரபியால் வீட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

"ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம்" என்பவரைக் கண்டால் செருப்பைத் தேடுங்கள், போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.

பெரியவர்களுக்குப் பகல் நேர மையமும் தொழிற்பயிற்சியும் உண்டு. தம்பி போகும் இடத்தில் காகித உறை ஒட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது உறை ஒட்டுவான், எண்ணத் தெரியாது, கட்டு நிறைந்தால் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த மூன்று மணி நேரத்தில்தான் அம்மா தூங்குகிறார். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் தங்கும் இல்லங்களும் மாவட்டங்களில் இருக்கின்றன. விவரம் அதே நல அலுவலகத்தில்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஒருமுறை தம்பியைத் தற்காலிகமாக விட ஒரு இல்லத்தைப் பார்க்கப் போனோம். வரவேற்பறை பளபளவென்று இருந்தது. பாத்ரூமைப் பார்க்க வேண்டும் என்றேன். "சுத்தம் பண்ணிட்டு இருக்காங்க" என்றார்கள். அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி கேட்டேன், அதே பதில். வந்துவிட்டோம். நீங்களும் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கழிவறைக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பெண்பிள்ளை என்றால் இரவில் யார் தங்குகிறார்கள், பெண் ஊழியரா என்று நேராகக் கேளுங்கள். அங்கிருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள். நகம் வெட்ட ஆள் இருக்கிற இடத்தில் மற்றதும் நடக்கும். 2016 சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாது. சுவரில் மாட்டியிருப்பார்கள், தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

மனு கொடுக்கப் போகும்போது

எதற்கும் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். யாரிடம் பேசினீர்கள், எப்போது வரச் சொன்னார் என்று வெளியே வந்ததும் மனுவின் பின்பக்கமே எழுதுங்கள். இரண்டு தடவை அலைந்தும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். "முதல்வரின் முகவரி" என்கிற அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு 1100-இல் கூப்பிட்டும் பதியலாம். குறை சொல்லாமல், எந்தத் தேதியில் எந்த மனு கொடுத்தேன், இன்னும் பதில் இல்லை என்று நாலு வரியில் எழுதினால் போதும். கண்ணீர்க் கதை இரண்டு பக்கம் எழுதிய மனுக்கள் எங்கள் பையிலும் இருக்கின்றன. அவை ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

உறவுக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும்: கோயிலும் வைத்தியரும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருநாள் லீவு போட்டு அந்த அம்மாவோடு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். வரிசையில் நிற்க ஒருவர், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் என்று இரண்டு பேர் தேவைப்படுகிற வேலை அது. அம்மா பத்து வருஷம் அதை ஒரு ஆளாகச் செய்தார்.

பையில் இருக்கும் கடைசிக் காகிதம்

எந்த ஆபீஸும் கேட்காத ஒரு காகிதமும் பையில் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பத்து நாள், தம்பி ஏன் சாப்பிட மறுக்கிறான் என்று தெரியாமல் நான் திண்டாடினேன். அம்மாவுக்குப் போன் போட்டால், "தட்டுல குழம்பும் பொரியலும் ஒட்டக்கூடாதுடி, தனித்தனியா வையி" என்றார். இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். வலிப்பு மாத்திரையின் பெயர், அளவு, நேரம். வயிறு வலித்தால் சொல்லத் தெரியாது, இடது காதைத் திருகுவான். மிக்ஸி போடுவதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டும். முடி வெட்டக் கூட்டிப்போனால் கண்ணாடிக்கு எதிரே உட்காரவைக்கக் கூடாது. கோபம் வந்தால் தொடக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, பின்பக்கமும் எழுதினோம். நாலு ஜெராக்ஸ். ஒன்று பகல் மையத்தில், ஒன்று சித்தி வீட்டில், ஒன்று என் வீட்டுக்காரர் பர்ஸில் மடித்து, ஒன்று பையில். போன வாரம் அம்மா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, பேனா கேட்டார். கீழே இருந்த கொஞ்ச இடத்தில் நடுங்குகிற எழுத்தில், இடி இடித்தால் ஜன்னலைச் சாத்தி லைட்டைப் போட வேண்டும் என்று எழுதினார். இனி மற்ற மூன்றிலும் அதை ஏற்ற வேண்டும்.